கண்ணாடியின் மேல் ஊற்றிய தரை

எழும்பூரிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பல்லவன் விரைவு ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், செங்கல்பட்டு வருவதற்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடக்கும் கொளவாய் ஏரியைப் பார்த்துவிடலாம். மாசி மாதத்து வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மடியில் துணிப்பையும் அதற்குள் வண்ணப்பெட்டியும் படம் வரையும் நோட்டுமாக நான் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஏரியில் தண்ணீர் நிறையவே இருந்தது. வெயில் அதன்மேல் தட்டையாக விழுந்து கண்ணைக் கூசியது. நோட்டைத் திறந்து இரண்டு கோடு போடுவதற்குள் ஏரி முடிந்து செங்கல்பட்டு வந்துவிட்டது.

நான் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெருங்குடியில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். காலையில் பேருந்து, பகலெல்லாம் திரை, இரவில் மறுபடி பேருந்து என்று நான்கு ஆண்டுகள் போயிருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், விடுதி அறையில் என் கட்டிலுக்கு எதிரே இருந்த எவர்சில்வர் டம்ளரைப் பென்சிலால் வரைந்து பார்த்தேன். அன்று தொடங்கியது இந்தப் பழக்கம். வகுப்பு எதற்கும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் செருப்பு, வாளி, கொடியில் காயும் துண்டு என்று கண்ணில் படுவதை வரைவேன்; ஞாயிறு விடியற்காலையில் மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் படிக்கட்டுக்குப் போய், வெயில் ஏறும் வரை நீர்வண்ணத்தில் ஏதாவது தீட்டிக்கொண்டு இருப்பேன். வாரத்தில் எனக்கே எனக்கென்று இருக்கும் நேரம் அதுதான் என்பதால், எந்த வேலைக்காகவும் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

காரைக்குடிப் பக்கம் போகக் காரணம் என் தோழிகள். திருச்சியில் படித்தபோது நாங்கள் மூவரும் நான்கு ஆண்டுகள் ஒரே விடுதி அறையில் இருந்தோம். ஒருத்தி இப்போது காரைக்குடியில் பள்ளி ஆசிரியை; இன்னொருத்தி புதுக்கோட்டையில் வங்கியில் இருக்கிறாள். தினமும் கைபேசியில் ஏதாவது அனுப்பிக்கொள்கிறோம். ஆனாலும் மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. விருத்தாசலம், அரியலூர் எல்லாம் தாண்டி, கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும் ரயிலின் சத்தம் மாறியபோது, கல்லூரி நாட்களில் விடுமுறை முடிந்து திரும்பும்போது அடிவயிற்றில் ஏற்படும் அதே பரபரப்பு வந்தது. புதுக்கோட்டையில் ரயில் நின்றதும், கையில் ஒரு பொட்டலம் முட்டை மாஸ் என்னும் இனிப்புடன் அவள் என் பெட்டியில் ஏறினாள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு முட்டை மாஸ் இல்லாமல் யாரையும் பார்க்கப் போகத் தெரியாது. காரைக்குடியில் இறங்கும்போது பொட்டலத்தில் பாதிதான் மிச்சமிருந்தது.

மறுநாள் காலையில், காரைக்குடிக்கு வெளியே சற்றுத் தள்ளி இருக்கும் தோழியின் பூர்வீக வீட்டுக்குப் போனோம். அங்கே அவளுடைய அப்பத்தா இருக்கிறார். நாங்கள் அவரை ஆச்சி என்றே அழைப்போம். வாசற்படியில் கால் வைத்ததும் ஆச்சி, "வாங்க" என்றார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண்ணும் தலையை நிமிர்த்தி, "வாங்க" என்றார். வருகிறவர் யாராக இருந்தாலும், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு சொல்லைத் தனித்தனியே சொல்லியாக வேண்டும் என்பது நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டு முறை.

அந்த வீட்டின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால், வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிலைவாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. தூரம் போகப் போகக் கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். இங்கே அது வீடாகவே கட்டப்பட்டிருந்தது. முகப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதையே வரையத் தொடங்கினேன். பென்சில் கோடுகளுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தனிச் சாயம் எடுப்பதில்லை, வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதால், முற்றத்தில் விழுந்த வெயிலுக்கு ஒரு சதுரத்தை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றி பர்மாத் தேக்குத் தூண்களின் கறுப்பைக் கொண்டுவந்தேன். முதல் முறை பூசிய வண்ணம் அந்த வறண்ட காற்றில் நான் நினைத்ததைவிட விரைவாகக் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்கினேன்.

நான் வரைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் தோழிகள் இருவரும் என் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வேலை, சம்பளம், வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சு என்று எல்லாவற்றையும் பேசினோம். பிறகு பேச்சு தானாக ஓய்ந்தது. ஒருத்தி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி என் தூரிகையைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தாள். கைபேசியில் யாராவது பதில் போடாமல் இருந்தால் உறுத்தும் அந்த மௌனம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். என் கைக்கு ஒரு வேலை இருந்ததால், எதையாவது பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் மூவருக்குமே இல்லாமல் போயிற்று.

வளவைச் சுற்றியிருந்த அறைகளில் பெரும்பாலானவை பூட்டியே இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது என்றும், சாவிகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று பல ஊர்களில் இருக்கின்றன என்றும் ஆச்சி சொன்னார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் கடையில் இருந்தவர். 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். தேக்கு வந்த வழியே வரவும் நின்றுபோனது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனால் மழைக்கு முன் ஓடு மாற்றும் செலவைப் பங்காளிகள்தான் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு எளிதில் முடிவதில்லை என்று தோழி வருத்தத்துடன் சொன்னாள்.

காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரம். ஆச்சியின் அளவு மாறாதது: தலைதட்டிய ஒரு படி பச்சரிசி, அதன் உச்சியில் நிற்கும் அளவுக்குக் கோபுரமாக உளுந்து. ஊறவைத்து, மையாக ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் விட்டு, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றுகிறார். மாவு அடியில் போய், தானாக மேலே வந்து உப்பி, ஓரம் மட்டும் மெல்லிய சரிகை போல் விரிகிறது. நிறம் மாறுவதற்குள் திருப்பி எடுத்துவிட வேண்டும். மிளகாய்த் துவையலுடன் நான் ஏழு சாப்பிட்டேன்.

அங்கிருந்து ஆத்தங்குடிக்கு இரண்டு ஸ்கூட்டர்களில் போனோம். செம்மண் பூமி, ஆங்காங்கே ஊரணிகள், இடையிடையே சுற்றுச்சுவர் இடிந்த பெரிய வீடுகள். ஆத்தங்குடிக் கல் என்று ஊர் முழுக்கப் பெயர்பெற்ற தரைக்கற்களைச் செய்யும் ஒரு சிறு பட்டறைக்குத் தோழி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். கொட்டகையின் கீழ் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். சூளை இல்லை, மின் இயந்திரத்தின் ஓசையும் இல்லை. மணல் சலிக்கும் சத்தமும், கரண்டி கிண்ணத்தில் தட்டுப்படும் சத்தமும் மட்டும் கேட்டன.

முதலில் எட்டு அங்குலச் சதுரமான ஒரு கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்துத் தரையில் வைக்கிறார்கள். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள், பூவும் கொடியுமாக உலோகத் தகட்டில் வளைத்துச் செய்த அச்சை இறக்குகிறார்கள். சிமென்ட்டுடன் ஆக்சைடு சாயம் கலந்து இட்லி மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்த குழம்புகள் கிண்ணங்களில் இருக்கின்றன: காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு. சிறு கரண்டியால் ஒவ்வொரு கண்ணறையிலும் அதற்குரிய நிறத்தை ஊற்றியபின், அச்சை நேர் மேலாகத் தூக்கிவிடுகிறார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. உடனே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்த பொடியை மேலே தூவுகிறார்கள்; அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இருண்டு போகிறது. அதன்மேல் ஈரக் கலவையை வைத்துக் கரண்டியால் மட்டப்படுத்தினால் பூ, கொடி எல்லாம் மறைந்து, சாம்பல் நிறமான முதுகு மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படியே உலரவிட்டு, பிறகு சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மீண்டும் காயவைத்தால், கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுடுவதோ மெருகெண்ணெய் பூசுவதோ கிடையாது. வீட்டில் பதித்தபின் நடக்க நடக்கவும் துடைக்கத் துடைக்கவும் பளபளப்பு கூடிக்கொண்டே போகும்.

இதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் தாளில் தீட்டும்போது ஒவ்வொரு நொடியும் முகம் என் கண்முன்னே இருக்கிறது. பிடிக்காவிட்டால் ஈரத்தோடு ஒற்றி எடுத்துவிடலாம். இந்தக் கைவினைஞர்கள் முகத்தைத்தான் முதலில் செய்கிறார்கள், செய்து முடித்தவுடன் அதைக் குப்புற மூடிவிடுகிறார்கள். வேலை சரியா, பிழையா என்பது பல நாட்கள் கழித்துத்தான் தெரியும். அந்த நம்பிக்கை கையில் ஏற எத்தனை ஆயிரம் கற்கள் ஊற்றியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே, அவர்கள் உட்காரும் விதத்தையும், வலது மணிக்கட்டு வளையும் விதத்தையும் நோட்டில் நான்கு பக்கங்களுக்கு வரைந்தேன்.

மூத்தவர் ஒருவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கல் ஊற்றிப் பார்க்கிறாயா என்று கேட்டார். எட்டு இதழ்ப் பூ அச்சு ஒன்றைக் கொடுத்தார். மஞ்சளை இதழ்களிலும் காவியை நடுவிலும் ஊற்றினேன். "அச்சத் தூக்குறப்ப நேரா தூக்கணும்மா. கொஞ்சம் சாஞ்சாலும் ஒண்ணு இன்னொண்ணுல ஓடிரும்," என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கினேன். ஓரிடத்தில் காவி சற்றே நகர்ந்தது போல் இருந்தது. உறுதியாகப் பார்ப்பதற்குள் அவர் பொடியைத் தூவி மூடிவிட்டார். தோழி ஒரு தாளில் என் பெயரை எழுதி அந்தக் கல்லின் பக்கத்தில் வைத்தாள்.

மாலையில் ஆச்சி கொட்டான் பின்னக் கற்றுக்கொடுத்தார். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாயம் ஏற்றி வைத்திருந்தார். செட்டிநாட்டுத் திருமணங்களில் சீர்ப்பொருள்களை வைத்துக் கொடுக்கும் கூடைகள் இவை. மணி கோத்த உறையிட்ட தம் கல்யாணக் கொட்டான் ஒன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மணிகளில் ஒன்றுகூட உதிரவில்லை. "ஓலை காஞ்சா ஒடியும் ஆத்தா, நனைச்சு நனைச்சுப் பின்னணும்," என்று சொல்லிக்கொண்டே என் விரலைப் பிடித்து ஓர் ஓலைக்கு அடியிலும் அடுத்ததற்கு மேலுமாக நடத்தினார். அடிப்பாகம் முடிவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. வங்கித் தோழியின் கூடை எங்கள் இருவருடையதைவிட நேர்த்தியாக வந்தது. கல்லூரியில் அவளுடைய பொறியியல் வரைபடங்களும் அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தோம். பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தட்டு, பீங்கான் சாடி எல்லாம் அழகாகவே இருந்தன. ஒரு கடையின் வெளியே, முந்தைய நாள் நான் வரைந்ததைப் போன்ற தேக்குத் தூண்கள் நான்கு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் அடியில் சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு வளவைத் தாங்கி நின்றவை. அவற்றை வரைய எனக்கு மனம் வரவில்லை. வாங்கிப் போகிறவர் எங்காவது நிறுத்தி வைப்பார், விறகாவதைவிட அது நல்லதுதான் என்று தோழி சொன்னாள். அவள் சொன்னது நியாயம்தான். என்றாலும் அந்தத் தெருவைக் கடக்கும் வரை மூவரும் அதிகம் பேசவில்லை. அன்றிரவே பேருந்தில் ஏறி, திங்கள் காலை விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

நான்கு வாரங்கள் கழித்து, ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காகத் தோழி சென்னைக்கு வந்தாள். விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து, இரண்டு பழைய துண்டுகளில் சுற்றியிருந்த கல்லை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எட்டு இதழ்களில் ஏழு மஞ்சளாகத் தெளிந்திருந்தன. எட்டாவதன் நுனியில் காவி ஒரு நகக்கண் அளவுக்கு ஓடியிருந்தது. பட்டறைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது இதே அச்சைத் தருவதாகச் சொன்னாராம். ஆடிப் பதினெட்டுக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. கல் இப்போது என் சன்னல் திட்டில், தூரிகை வைக்கும் டம்ளருக்குக் கீழே இருக்கிறது. இரவில் வரைய உட்காருவதற்கு முன், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அதை ஒருமுறை துடைத்துவிடுகிறேன்.