சென்ட்ரலில் இறங்கிய பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை

சென்னை சென்ட்ரலில் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கூட்டம் வெளியேறிய பிறகும் பிளாட்பாரத்திலேயே நிற்பார்கள். ஸ்கூல் பையில் புத்தகத்துக்குப் பதில் ரெண்டு சட்டை இருக்கும். ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலர் பார்த்துச் சொன்னாலும் சரி, பயணி யாராவது ரயில்வே உதவி எண் 139-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் செய்தாலும் சரி, பிள்ளை ஸ்டேஷனிலுள்ள குழந்தைகள் உதவி மையத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை.

முதலில் சாப்பாடு, குளியல். பெயர் கேட்பதெல்லாம் அப்புறம். எடுத்த எடுப்பில் சொல்லும் பெயரும் ஊரும் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். மிரட்டினால் வாயே திறக்காது. அதனால் "உன் ஊர் எது?" என்று நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். ஸ்கூலுக்கு எந்த பஸ்ஸில் போவாய், யூனிஃபார்ம் என்ன கலர், ரேஷன் கடைக்கு எப்படி நடப்பாய், எந்தக் கோயில் திருவிழாவுக்கு லீவு விடுவார்கள்? பேச்சே பாதி காட்டிக்கொடுத்துவிடும். "ஏனுங்க" என்றால் கொங்குப் பக்கம், "ஏலே" என்று வாய் தவறி வந்தால் நெல்லைப் பக்கம். பீகாரிலிருந்து வரும் பையன் என்றால் கிராமத்துப் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஒரே பெயரில் பல ஊர் இருக்கும். போலீஸ் ஸ்டேஷன், தபால் நிலையம், பிளாக் (ஊராட்சி ஒன்றியம்) மூன்றையும் கேட்டு வாங்கினால், அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஊர் சௌகிதார் (கிராமக் காவலர்) மூலமாகவே வீட்டைப் பிடித்துவிடலாம்.

இதற்கிடையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். குழு கூடாத நாளில் உறுப்பினர் ஒருவரிடம் ஆஜர்படுத்தலாம். ஆனால் வழக்கை முடிக்கும் இறுதி உத்தரவுக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் உட்கார வேண்டும். தகவல் கிடைத்து ஓடிவரும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. அன்று மாலை ரயிலுக்கே டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ரெண்டு நாள் தங்கும் செலவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு வருவது நல்லது.

கையில் என்ன வேண்டும்? அப்பா அம்மா ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றோ ஸ்கூல் சான்றோ, எல்லோரும் இருக்கும் குடும்ப போட்டோ, எஃப்.ஐ.ஆர். நகல். இந்த எஃப்.ஐ.ஆரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவான்" என்று போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதோடு அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழ் யார் காணாமல் போனாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

முதல் போன் அழைப்பு கெட்டுப்போனால் எல்லாம் கெட்டுப்போகும். "ஏன்டா இப்படிப் பண்ணின, மானமே போச்சு" என்று அப்பா ஆரம்பித்தால், அதுவரை வீட்டுக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளையும் போக மாட்டேன் என்று சொல்லிவிடும். அதனால் பெற்றோரிடம் தனியாக முன்பே பேசிவிட வேண்டும்: "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள், யார் மேலும் பழி போடாதீர்கள்.

மாமா, சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு தனியாக வருபவர் ஆதார் காட்டினாலும் நம்பக்கூடாது. வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டும் அப்படித்தான் வருவார். அவர் கண்ணில் படாத இடத்தில் பிள்ளையிடம் விசாரித்து, அம்மாவோடு வீடியோ காலில் பேசி, ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமோ பஞ்சாயத்துத் தலைவரிடமோ உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

வீடு கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே அனுப்புவது சரியில்லை. அடி, குடிகார அப்பா, வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் தொல்லை, பரீட்சை பயம் என்று ஓடிவந்த காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைத் தொடாமல் அனுப்பினால் மறுபடி ஓடும். அடுத்த முறை இன்னும் தூரமாக, போன் நம்பரும் சொல்லாது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) புகார் செய்வது கட்டாயம். ஓடிவந்த காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் சமூகப் புலனாய்வு அறிக்கை, அதாவது வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் அறிக்கை. 15 நாளுக்குள் வர வேண்டும். வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்றால் அங்கிருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு (மாவட்ட அரசு அலுவலகம்) வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும், தாமதமெல்லாம் இங்கேதான். மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் நகராது, தினமும் போன் போட வேண்டும். மொத்த விசாரணைக்கும் சட்டம் தரும் கெடு நான்கு மாதம். சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றி அனுப்பும்போது துணைக்கு ஆள் வருவார். பெண் பிள்ளை என்றால் பெண் ஒருவர் கூட வர வேண்டும்.

18 தாண்டியவர் விஷயம் வேறு. போலீஸ் கண்டுபிடித்தாலும், போக மாட்டேன் என்று அவர் சொன்னால் கட்டாயப்படுத்த முடியாது. நலமாக இருப்பதாக ஒரு வார்த்தை வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டு அனுமதி வாங்குவதோடு நம் எல்லை முடிகிறது.

வறுமையால் ஓடிவந்த பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் ₹4,000 நிதி ஆதரவு கேட்கலாம். காணாமல் போய்த் திரும்பிய பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ₹72,000, நகரத்தில் ₹96,000-க்குள் இருக்க வேண்டும். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். பிள்ளையை ஒப்படைத்த குழு உத்தரவின் நகலையும் அதோடு சேர்த்தே வையுங்கள்.