சப்பாக இறங்கி மூன்று கோல்

இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக்கில் யாராவது ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தால் வாரம் முழுக்கப் பேசுவார்கள். எனக்கோ அங்கே மூன்றாம், நான்காம் நிலைகளான லீக் ஒன், லீக் டூவில் விழும் ஹாட்ரிக்குகள் மேல்தான் பிரியம். ஸ்கோர் விவரத்தில் ஒரே பெயருக்குப் பக்கத்தில் மூன்று நிமிட எண்கள் தெரிந்தால் போதும், அந்த ஆட்டத்தைத் தேடிப் படித்துவிடுவேன்.

அப்படிப் படித்ததில் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஜேம்ஸ் ஹேட்டரைத்தான். 2004 பிப்ரவரி 24. அவருடைய அணியான போர்ன்மவுத் அப்போது மூன்றாம் நிலை டிவிஷனில் இருந்தது. சொந்த மைதானத்தில் ரெக்ஸமுக்கு எதிராக 3-0 முன்னிலை. 84-வது நிமிடத்தில் ஹேட்டரை சப்பாக, அதாவது மாற்று ஆட்டக்காரராக, இறக்கினார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த பெற்றோர், வைட் தீவுக்குப் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டுமென்று முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். மகன் 2 நிமிடம் 20 விநாடிக்குள் மூன்று கோல் அடித்துவிட்டார்! ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவட்டத்துக்கு வந்து, எதிரணி உதைத்துத் தொடங்கி, அதை இவர்கள் பறித்து, மறுபடி வலை வரை கொண்டுபோக வேண்டும். எல்லாம் சேர்த்துத்தான் அந்த 140 விநாடி. லீக்கின் மிக வேகமான ஹாட்ரிக் என்று இதற்கு முன் இருந்த சாதனை ஜில்லிங்ஹாமின் ஜிம்மி ஸ்கார்த், 1952-இல், இரண்டரை நிமிடத்தில் அடித்தது. அரை நூற்றாண்டு நின்ற கணக்கில் பத்து விநாடி குறைந்தது.

ஆனாலும் யார் பெரியவர் என்று கேட்டால் ஜோ பெய்ன் என்றுதான் சொல்வேன். 1936 ஏப்ரல் 13, தெற்கு மூன்றாம் டிவிஷனில் லூட்டனுக்கும் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கும் ஆட்டம். லூட்டனின் முன்வரிசை ஆட்களுக்குக் காயம். வேறு வழியில்லாமல், ஹாஃப்-பேக்காக (நடுக்களத்தில்) ஆடிக்கொண்டிருந்த பெய்னை சென்டர் ஃபார்வர்டாக (கோல் அடிக்கும் நடு முன்வரிசையில்) நிறுத்தினார்கள். லூட்டன் 12-0 என ஜெயித்தது. அதில் 10 அவருடையது. மூன்று ஹாட்ரிக், அதற்கு மேலே ஒன்று! இங்கிலாந்து லீக்கில் இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. நான்கு மாதம் முன்புதான், 1935 டிசம்பர் 26-இல், டிரான்மியரின் பன்னி பெல் ஓல்டமுக்கு எதிராக 9 அடித்திருந்தார். அதே ஆட்டத்தில் ஒரு பெனால்டியையும் தவறவிட்டார். அது மட்டும் உள்ளே போயிருந்தால் இருவரும் சமமாகியிருப்பார்கள்.

பெய்னுக்கு அன்று குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த சீசனிலேயே 55 லீக் கோல், லூட்டனும் சாம்பியனாகி மேல் டிவிஷனுக்கு ஏறியது. 1937-இல் பின்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது. இரண்டு கோல் போட்டார். தேசிய அணிக்காக அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.