மஞ்சள் கணக்கும் டேட்டா டைப் பொருத்தமும்

ஈரோட்டில் மஞ்சள் வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்தை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற்றும் பணியில், லாஜிக்கல் மாடலின் (எந்தத் தரவுத்தளத்தையும் சாராத தரவு வரைவு) ஒவ்வொரு புலத்துக்கும் பிசிக்கல் மாடலில் (குறிப்பிட்ட தரவுத்தளத்துக்கான வரைவு) எந்த டேட்டா டைப் (எண், எழுத்து, தேதி போன்ற தரவு வகை) என்று தீர்மானிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெருந்துறைக் கிடங்கின் எடைக் கணினியில் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்ததால், ஒரே லாஜிக்கல் மாடல் மூன்று தரவுத்தளங்களுக்கும் பொருந்த வேண்டியிருந்தது.

மாடலிங் மென்பொருள் தானாகப் போட்டுத் தரும் பொருத்தத்தை நான் ஏற்கவில்லை. குவிண்டால் விலை, மூட்டை எண்ணிக்கை, அஞ்சல் குறியீடு எல்லாமே அதற்கு எண்தான். ஆகவே கணக்குப்பிள்ளையுடன் உட்கார்ந்து, புலங்களை எடை, விலை, எண்ணிக்கை, குறியீடு, பெயர், நாள், நேரம் எனப் பொருள்வாரியாக டொமைன்களாக, அதாவது ஒரே தன்மையுள்ள புலங்களின் தொகுப்புகளாக, பிரித்தேன். டேட்டா டைப்பை டொமைனுக்குத்தான் ஒதுக்கினேன், தனிப் புலத்துக்கு அல்ல. இந்த வேலை முழுவதிலும் பலன் தந்த முடிவு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறியீடுகளில் தயக்கமே இல்லை. சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டில் மஞ்சளின் தலைப்பு 0910. அதை முழு எண்ணாக வைத்தால் முதல் பூச்சியம் போய்விடும். கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத எதுவும் எழுத்து வகையே என்று விதி வைத்து, வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அதில் சேர்த்தேன்.

பெயர்களில்தான் நெடுநேரம் நின்றேன். விவசாயியின் ஊர்ப்பெயருக்கு ஆரக்கிளில் வார்ச்சார்2(50), அதாவது 50 வரை நீளமுள்ள எழுத்து வகை, என்று இருந்தது. அமைப்பை மாற்றாத ஆரக்கிளில் அந்த 50 என்பது பைட் (சேமிப்பிட அலகு) கணக்கு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அதே 50 குறிகளின் கணக்கு. கோபிசெட்டிபாளையம் என்னும் பெயர் நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 17 குறி. யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 51 பைட். ஆங்கிலத்தில் எழுதியவரை தாராளமாக இருந்த இடம், தமிழில் எழுதியதும் ஒரு பைட் போதாமல் மறுக்கும். எனவே பெயர் டொமைனின் நீளத்தை லாஜிக்கல் மாடலில் குறிகளாகவே வரையறுத்து, ஆரக்கிளுக்கு அளவுடன் 'சார்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதினேன். தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

கட்டாயப் புலங்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆரக்கிள் வெற்றுச் சரத்தை (ஓர் எழுத்தும் இல்லாத உரை) நல், அதாவது மதிப்பே இல்லாதது, என்றே கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டையும் வேறாகக் கருதுவதால், நாட் நல் (நல் கூடாது) என்று போட்டிருந்தாலும் வெற்றுப் பெயர் உள்ளே நுழைந்துவிடும். அதற்குத் தனியாகச் சரிபார்ப்பு விதி எழுதினேன்.

தேதியைப் பற்றிக் கேட்டபோது கணக்குப்பிள்ளை, “பில் தேதி வேறைங்க, ஏலம் முடிஞ்ச நேரம் வேறைங்க” என்றார். ஆரக்கிளின் டேட் வகை வினாடி வரை நேரத்தையும் தாங்குவதால் பழைய அட்டவணைகளில் இரண்டும் ஒரே வகையில் இருந்தன. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் டேட்டில் நாள் மட்டுமே நிற்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நேராக மாற்றினால் அன்றைய ஏல வரிசையே அழிந்துவிடும். எனவே நாளுக்கு டேட் என்றும், நேரத்துக்கு டைம்ஸ்டாம்ப்(0) (நாளும் வினாடி வரை நேரமும்) என்றும் பிரித்தேன்.

பட்டுவாடா முடிந்ததா என்ற புலம் எளிது: ஆரக்கிளில் ஒய், என் மட்டும் ஏற்கும் சார்(1), போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பூலியன் (ஆம்/இல்லை வகை), எஸ்கியூலைட்டில் 0 அல்லது 1.

எடை அவ்வளவு எளிதாக அமையவில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் கிலோவுக்கு நியூமரிக்(10,3), அதாவது மொத்தம் 10 இலக்கம், அதில் தசமம் 3, கொடுத்தேன். நான்காம் தசமம் வந்தால் எச்சரிக்காமல் மூன்று தசமத்துக்கு முழுமையாக்கிவிடும் என்பதால், மாற்றும் முன்பே பழைய எடைகளின் தசம இடங்களைத் தேடிப் பார்த்தேன். எஸ்கியூலைட்டோ டெசிமல்(10,3) என்று எழுதினாலும் அந்த 10, 3 இரண்டையும் பொருட்படுத்தாமல், பின்ன எடையை 8 பைட் மிதவைப் புள்ளி எண்ணாகவே (பின்னங்களைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்துக்கொள்ளும். பல மூட்டைகளைக் கூட்டும்போது கடைசி தசமத்தில் வித்தியாசம் வர இடமுண்டு. விவசாயிக்குப் பணம் எடையை வைத்தே கணக்கிடப்படுவதால் அதை அனுமதிக்க முடியாது. ஆகவே கிடங்கில் எடையைக் கிராமாக, முழு எண்ணாகச் சேமித்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது மட்டும் 1000 ஆல் வகுக்கும்படி செய்தேன். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல் எஸ்கியூலைட்டில் ஸ்ட்ரிக்ட் அட்டவணை (வகை பொருந்தாத தரவை ஏற்காதது) கிடைப்பதால், எடைப் புலத்தில் எழுத்து விழுந்தால் அந்தப் பதிவு கிடங்கிலேயே மறுக்கப்படுகிறது.