தாடை மூட்டு வலியும் திரும்பக் கிளிப் போடச் சொன்ன ஆலோசனையும்

முதலில் கொட்டாவி விட்டால் வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று சத்தம் மட்டும் வரும். அப்புறம் காலையில் எழும்போதே கன்னம் இறுகி, இரண்டு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்க முடியாமல் போனது. ஈ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, தாடை மூட்டைக் காட்டுங்கள் என்று அனுப்பினார்.

நான் போன பல் கிளினிக்கில், பள்ளிக்கூடக் காலத்தில் நான்கு பல்லை எடுத்துக் கிளிப் போட்டதால்தான் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், மாறி மூட்டு கெட்டது என்றார்கள். சில பற்களைத் தேய்த்துச் சமன்செய்து மறுபடி கிளிப் போட வேண்டுமாம். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. அதனால் சம்மதிக்கும் முன் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா பல் வரிசையை அப்புறம்தான் பார்த்தார். காதுக்கு முன்னால் விரல் வைத்து, மெதுவாக வாயைத் திறந்து மூடச் சொன்னார். கன்னத் தசையை ஓரிடத்தில் அழுத்தியதும் நெற்றிப்பொட்டு வரை வலி இழுத்தது. “மூட்டுக்குள்ள இருக்கிற தட்டு முன்னாடி நகர்ந்திருக்கு. வாய் திறக்கும்போது அது இடத்துக்கு வர்ற சத்தம்தான் இது. உங்க வலி பெரும்பாலும் தசையில இருந்து வருது. ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?” என்றார். வீட்டுக்காரரைக் கேட்டேன், நறநறவென்று கடிப்பேனாம்.

கிளிப்பைப் பற்றியும் கேட்டேன். இது பழைய சர்ச்சை. 1934-லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர், பின்பற்கள் இழந்து கடி தாழ்வதோடு இந்தத் தொல்லைகளை முடிச்சுப் போட்டார். 1980-களின் பிற்பகுதியில் மிச்சிகனில், கிளிப் சிகிச்சையால் மூட்டு கெட்டது என்று வழக்குப் போட்ட பெண்ணுக்குப் பெரிய இழப்பீடு கிடைத்தது. அதன் பிறகு நடந்த ஆய்வுகள், பல் எடுத்துப் போட்டாலும் எடுக்காமல் போட்டாலும், கிளிப் இந்த நோயை உண்டாக்குகிறது என்றோ குணமாக்குகிறது என்றோ காட்டவில்லை. கடியின் பங்கு முன்பு நினைத்ததைவிட மிகச் சிறியது. மன அழுத்தம், பல் கடிப்பு, தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்துதான் படுத்துகின்றன.

எனக்குக் கொடுத்த சிகிச்சை எளிமையானது. கொஞ்ச நாள் வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், குழைந்த சாதம், இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்த நைட் கார்டு என்ற உறை. சாப்பிடும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது என்றதுதான் கஷ்டமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தப் பழகினேன்.

சில மாதங்களில் வலி போனது, மூன்று விரல் நுழைகிறது. சத்தம் இன்னும் இருக்கிறது. வலி இல்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை என்றார். மகளுக்குப் பல் நெருக்கமாக இருப்பதால் இந்த லீவில் கிளிப் போடுகிறோம்.