தலைகீழாக மாட்டிய ரம்பம்

போன மாதம் அம்பத்தூரில் எங்கள் வீட்டு அலமாரி வேலைக்கு வந்த கார்பென்டர் அண்ணன், கையில் பிடிக்கும் கட்டிங் மிஷினை ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, அதையே டேபிள் ரம்பமாக ஆக்கிக்கொண்டார். மேலே மூடி இல்லை, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் இல்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

விரல் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், மரம் திருப்பி அடிப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால், அங்கே மேலே எழும்பும் பற்கள் பலகையைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர், கையை இழுக்க நேரமே இருக்காது. ரைவிங் நைஃப் எனும் அந்தச் சின்னத் தகடுதான் பிளவை மூடவிடாமல் வைக்கிறது. தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

அப்புறம் கையுறை. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள், ஆனால் பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் தொங்கும் துண்டும் அப்படித்தான்.

குறுகலான துண்டை விரலால் தள்ளவே கூடாது. அன்றைக்கே மிச்சம் கிடந்த ரீப்பரில் ஒரு தள்ளுக்கட்டை செய்து அண்ணனிடம் கொடுத்தேன், சாயங்காலம் வரை அதை வைத்துத்தான் தள்ளினார்.