பிளேட்லெட் கொடுக்கப் போனேன்

முகாம்களில் ரத்தம் கொடுத்துப் பழக்கம் உண்டு. 350 மில்லி, பத்து நிமிடம், பிஸ்கட், ஜூஸ், சான்றிதழ். அவ்வளவுதான். பிளேட்லெட் மட்டும், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை மட்டும், தனியாகக் கொடுப்பது வேறு கதை என்பது மதுரையில் ஒரு ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் ஒரு குழந்தைக்குத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன.

போனில் பேசிய பெண் எடுத்த எடுப்பில் கேட்டது, "சார், காலையில பொங்கல், வடை ஏதும் சாப்பிட்டுட்டீங்களா?" நெய்யும் எண்ணெயும் அதிகம் உள்ளே போனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கலங்கிவிடுமாம். இட்லி சாப்பிட்டுக் கிளம்பினேன்.

கூட வந்த அலுவலக நண்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்தைய நாள் தலைவலிக்கு டிஸ்பிரின் போட்டிருந்தார். அதில் இருப்பது ஆஸ்பிரின். தட்டணுக்களின் ஒட்டும் வேலையைக் கெடுத்துவிடும், மாத்திரை போட்டு மூன்று நாளாவது கழிய வேண்டும் என்றார்கள். மனிதர் நல்ல வாட்டசாட்டம். ஒல்லியான என்னை உள்ளே விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எடை, ஹீமோகுளோபின், முழங்கை மடிப்பில் நரம்பு எல்லாம் பார்த்தார்கள். தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய், மலேரியா என்று பரிசோதனை முடிவுகள் வரும்வரை காத்திருப்பு. உண்மையில் பொறுமையைச் சோதித்தது இந்தக் கட்டம்தான்.

அப்புறம் சாய்வு நாற்காலி. ஊசி குத்தியபின் கையை மடக்க முடியாது, அதனால் பாத்ரூம் போய்விட்டு உட்காருவது நல்லது. இயந்திரம் ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அதே கைக்குத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும்போது கை ஜில்லென்று ஆனது. கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் மரமரவென்றது.

"உதடு மரத்தா மறைக்காம சொல்லுங்கண்ணே," என்றார் டெக்னீஷியன் தம்பி. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. மெல்லுவதற்குக் கால்சியம் மாத்திரை கொடுத்து, வேகத்தையும் குறைத்தார். சரியாகிவிட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்ததும் பையை விளக்குக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். இளமஞ்சள் திரவத்துக்குள் மினுமினுப்பாக ஏதோ சுழன்றது. "இப்படிச் சுழன்றால் தட்டணுக்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்," என்றார்.

சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான் ஆயுள். தலைவர் பிறந்தநாளில் நூறு பேர் வரிசையில் நின்று கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று எடுத்த தட்டணுக்கள் அடுத்த வாரத்துக்கு உதவாது. கீமோ நடக்கும் குழந்தைக்கோ அடுத்த வாரமும் தேவைப்படும்.

முழு ரத்தம் என்றால் ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி வேண்டும். தட்டணுக்களை 48 மணி நேரம் கழித்தே மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு 2, வருடத்துக்கு 24 முறை என்பது உச்சவரம்பு. தீபாவளி, பொங்கல் சமயத்தில்தான் ஆள் கிடைப்பது பெரும்பாடு என்றார் அந்தப் பெண். நான் அப்போதெல்லாம் உள்ளூரில்தான் இருப்பேன், கூப்பிடுங்கள் என்று எண்ணைப் பதிந்துவிட்டு வந்தேன்.