அசகுசாவில் அத்தையின் வேண்டுதல்

மன்னார்குடி ராஜகோபாலனைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்டறியாதவர் என் மாமியார். அவர் போய் தோக்கியோ அசகுசாவில் இருக்கிற சாமிக்கு வேண்டிக்கொள்வார் என்று யார் நினைத்தோம்? என் கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. "நீங்க இருக்கிற ஊர்ல என்னம்மா சாமி?" என்று போனில் கேட்டார். ஆற்றில் மீன் வலையில் வந்த கன்னோன் கதையைச் சொன்னேன். "தானா வலையில வந்த சாமி கைவிடாது. பிள்ளை எழுந்து நடக்கட்டும், அதோட புறப்பாட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்து நிறுத்துறேன்" என்றார். அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்தும் வைத்துவிட்டார்.

கன்னோன் வேறு யாருமில்லை, பௌத்தர்கள் கருணை வடிவாகக் கும்பிடுகிற அவலோகிதேஸ்வரர்தான். 628-இல் ஹமனாரி, தகெனாரி என்ற அண்ணன் தம்பி இருவர் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது அந்தச் சிலை அகப்பட்டது. அது இன்னார் என்று அறிந்து, தன் வீட்டையே கோயிலாக்கியவர் அவ்வூர்த் தலைவர் நகதொமோ. சென்சோ-ஜி கோயிலில் இருக்கும் அந்த மூலவரை யாருக்கும் காட்டுவதே இல்லை. ஆனால் கண்டெடுத்த மூவருக்கும் பக்கத்திலேயே தனிக்கோயில் உண்டு. 1649-இல் அப்போது நாட்டை ஆண்ட ஷோகன் இயெமிட்சு கட்டிக்கொடுத்தது. 1945 குண்டுவீச்சில் பெரிய கோயில் எரிந்து, இது தப்பியது. சஞ்சா திருவிழாவில் வீதிக்கு வருவது இந்த மூவர்தான். முதல் மீனை ஈசனுக்கே விட்ட அதிபத்தரைக் கும்பிடுகிற நமக்கு, மீன்பிடித்தவர் சாமியாக வருவதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விழா மே மாதம் மூன்றாவது சனி, ஞாயிறை ஒட்டி வரும். சனிக்கிழமை பேட்டைக்குப் பேட்டை பல்லக்கு, நூறு அளவில். மூலப் பல்லக்குகள் மூன்றும் புறப்படுவது ஞாயிறு விடியலில்.

இவர் மெல்ல நடக்கத் தொடங்கியதும், அத்தை சொன்னபடியே விழா ஞாயிறன்று மூவருமாகப் போனோம். கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? சுரங்க ரயில் நிலையப் படியிலேயே நின்றுவிட்டோம். மேலே போவதற்குள் இவர் முகம் வெளுத்துவிட்டது. புறப்பாடு நடக்கும் வளாகத்துக்குள் அந்நேரம் எங்களை விடவில்லை. சென்சோ-ஜியின் முகப்பான இடி வாசலுக்கு வெளியே ரிக்‌ஷாக்காரர்கள் ஒரு பக்கம், கிமோனோ வாடகைக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஆளை விட மாட்டார்கள். இவர் மெல்ல நடப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர், "மாடியில் நாற்காலி போட்டுத் தருகிறோம், நன்றாகத் தெரியும்" என்று விலையும் சொன்னார். நானும் அசந்துபோய் பர்ஸைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி வீதியில வரும்போது நாம தலைக்கு மேல உட்கார்றதா?" அந்த ஊர்ப் பெரியவர்களும் அப்படித்தான், பல்லக்கை மேலிருந்து பார்க்கக் கூடாது என்பார்கள். பல்லக்கின் மேல் ஆட்கள் ஏறி நின்று ஆடிய குற்றத்துக்காக 2008-இல் மூன்று மூலப் பல்லக்குகளுமே வெளியே வரவில்லை. அவ்வளவு கண்டிப்பு!

கடைசியில் ஒரு பேட்டை முடிந்து அடுத்த பேட்டை தொடங்கும் சந்தில் இடம் கிடைத்தது. இவரை நடுவில் விட்டு நாங்கள் இருபுறமும் நின்றோம். வெயில் ஏறியது. முன்னால் நின்றவர் பல்லக்கு தூக்கியே தோளில் கெட்டியாகக் கட்டி விழுந்த மனிதர். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் சுவரோரமாக நகர்ந்து சாய இடம் விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

"சொய்யா, சொய்யா" என்று முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் வந்தது இரண்டாம் பல்லக்கு, மூத்தவர் ஹமனாரியுடையது. ஏறக்குறைய ஒரு டன் எடை. கறுப்பு அரக்குப் பூச்சு, பொன் தகடு, தடித்த கயிறு. குலுக்கிக் குலுக்கித்தான் தூக்குகிறார்கள், குலுக்கினால்தான் சாமிக்கு உக்கிரம் ஏறுமாம். மரக்கட்டைகளைத் தட்டி நிறுத்தச் சொன்னதும், எங்களுக்கு எட்டும் தூரத்திலேயே தாங்கிக்கட்டைகள் மேல் இறக்கிவிட்டார்கள். தூக்கி வந்தவர்களின் கழுத்தில் வியர்வை வழிகிறது, தோளெல்லாம் ரத்தம் கன்றியிருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கை தட்டினார்கள். அடுத்த பேட்டைக்காரர்கள் தண்டுக்கடியில் தோள் கொடுத்தார்கள்.

அவர்கள் எழுந்த அதே நேரம் இவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். பிடிமானம் எதுவும் இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்திருக்கிறார். நான் பல்லக்கைப் பார்ப்பேனா, இவரைப் பார்ப்பேனா! எப்போது செருப்பைக் கழற்றினாரோ, அத்தை வெறுங்காலோடு நின்று "அப்பனே, நடத்திக் காட்டிட்டியே" என்று வாய்விட்டு அழுகிறார். நான் கேட்க நினைத்து வைத்திருந்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இவர் நிற்கிறார், அது போதும் என்றே இருந்தது.

கூட்டம் வடிந்ததும் அந்த மூவரின் கோயிலுக்குள் போனோம். கற்பூரம் ஏற்ற முடியாதே என்ற குறை அத்தைக்கு. முடிந்து வைத்த காசை அப்படியே பெட்டியில் சேர்த்துவிட்டு, பார்த்து வைத்துக்கொண்டபடி இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை தட்டி, இன்னொரு முறை குனிந்தார். அதோடு மனசு அடங்காமல் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இப்போது மன்னார்குடியில் காலையில் விளக்கேற்றும்போது ராஜகோபாலனுக்கு அடுத்தபடியாக, "வலைக்காரச் சாமிகளே, பிள்ளை நடக்கிறான்" என்று தினமும் சொல்கிறாராம்.